குழி தோண்டிய வணிகர்

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோ வறட்சியால் வாடிய 1980-ஆம் ஆண்டளவில், சந்தைக் கடையை விட்டு மண்வெட்டி ஏந்தினார் யாக்கூபா சவடோகோ. இளமையில் மாலி நாட்டு மதரஸாவில் ஓதியவர்.

முன்னோர் தோண்டிய ‘ஸாய்’க் குழிகளை அகலமும் ஆழமும் ஆக்கி, மழைக்கு முன்பே எருவிட்டார். எருவை நாடிய கறையான்கள் இறுகிய நிலத்தைத் துளைத்தன. மழைநீர் உள்ளே தங்கிற்று. தானியம் விளைந்தது; குழிகளில் மரங்களும் முளைத்தன. பித்தரென நகைத்த அயலார் பயிருக்கும் மரத்துக்கும் தீயிட்டனர். அவர் மீண்டும் நட்டார்.

கற்றதைத் தம்மோடு நிறுத்தினாரில்லை. 1984 முதல் கூர்கா கிராமத்தில் சந்தை கூட்டி, பலவூர் உழவரோடு விதையும் அனுபவமும் பகிர்ந்தார். வணிகம் அவரை விடவில்லை போலும்!

காடு ஏறத்தாழ 40 ஹெக்டேராயிற்று. 2018-இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் விருது வந்தது. விரிந்த நகரமோ காட்டினுள்ளேயே வீடுகள் எழுப்பிற்று. 2023 டிசம்பரில் அவர் வபாத்தானார்.