ஒல்வேரா தெரு

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1781இல் தோன்றிய பழைய பகுதியில் உள்ள குறுகிய கடைத்தெரு. மாவட்டத்தின் முதல் நீதிபதி அகுஸ்தின் ஒல்வேராவின் பெயரைத் தாங்கியது. நகரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய வீடான அவிலா அடோபி (1818) இங்கேதான் இருக்கிறது.

அந்த வீட்டை இடிக்கவிருந்தார்கள். கிறிஸ்டீன் ஸ்டெர்லிங் என்ற பெண்மணி எதிர்த்து நின்று, நிதி திரட்டி, 1930இல் தெருவை மெக்சிகோச் சந்தையாகத் திறக்க வைத்தார். சுற்றுலாப் பயணிகளுக்கென ஜோடிக்கப்பட்ட மெக்சிகோ அது. ஸ்டெர்லிங்கும் மெக்சிகோக்காரர் அல்லர். 1931இல், சில அடி தூரத்திலிருந்த சதுக்கத்தைக் குடிவரவு அதிகாரிகள் சுற்றிவளைத்து மெக்சிகோ மக்களைப் பிடித்தார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். 1932இல் ஓவியர் சிகேரோஸ் இங்கு வரைந்த, சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதரைக் காட்டும் சுவரோவியம் வெள்ளையடித்து மறைக்கப்பட்டது. பாதுகாப்புப் பணிகள் முடிந்து 2012இல்தான் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது.

அலங்காரமாகத் தொடங்கியதை வாழும் தெருவாக்கியவர்கள் கடைக்காரர்கள். அவுரோரா கெரேரோ 1934இல் தொடங்கிய 'சியெலிதோ லிந்தோ' என்ற சிறு உணவுக்கடை, இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த தக்கீத்தோவை வெண்ணெய்ப்பழச் சாஸ் ஊற்றித் தருகிறது. தெருவின் நடுவே 'புவெஸ்தோ' எனப்படும் பெட்டிக்கடைகளில் தோல் செருப்பு, பொம்மை, மெழுகுவத்தி விற்கிறார்கள். பல கடைகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருபவை. கட்டடங்கள் நகராட்சிக்குச் சொந்தம் என்பதால் வாடகையும் குத்தகையும் இங்கு ஓயாத பேச்சு.