வளவும் வரைபடமும்: கல்குடாவில் வீட்டுப்பட அங்கீகாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வீடு கட்டுவோர் பிரதேச சபைக்குச் சமர்ப்பிக்கும் கட்டடப்படத்தைப் பலரும் வெறும் அலுவலகச் சடங்காகவே கருதுவர். ஆயின், ஒரு சமூகம் தன் வாழிடத்தை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது, அரசு அதே வாழிடத்தை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்னும் இரு வினாக்களும் அப்படத்திலேதான் சந்திக்கின்றன. கோறளைப்பற்றுப் பிரதேசத்திலுள்ள கல்குடாவை மனத்திற்கொண்டு, இவ்விரு விளக்கங்களும் எங்கே முரண்பட்டன, அம்முரண்பாட்டின் சுமை யார்மீது வீழ்ந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் கட்டடப்பட அங்கீகாரத்தின் மூலச்சட்டம் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமாகும். அதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1914இல், கொழும்பிலே கொள்ளைநோய் பரவியது. துறைமுக நகரின் நெருக்கமான குடிசைத் தொடர்களில் நோய் பரவுமென்ற அச்சம் இச்சட்டத்தின் விதிகளில் நன்கு புலப்படுகின்றது. எழுத்துமூல அங்கீகாரம் பெற்ற படமின்றி எவரும் கட்டடம் எழுப்பலாகாது. கட்டி முடிந்தபின் இணக்கச் சான்றிதழ் பெறாது குடியேறலாகாது. காணியின் மூன்றில் ஒரு பங்கேனும் வெளியாக விடப்படவேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை.

இச்சிந்தனை கொழும்பில் மட்டும் தோன்றியதன்று. 1896இல் கொள்ளைநோய் தாக்கிய பம்பாயில் 1898இலே நகர மேம்பாட்டு நிறுவனமொன்று அமைக்கப்பட்டது. அங்கு பணியாற்றிய ஓர் என்பவர் 63½ பாகைக் கோணமொன்றை வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அளவுகோலாக வற்புறுத்தினார். கட்டடமொன்று தன்னை அடுத்துள்ள வெளியின் அகலத்தைப்போல் இருமடங்குக்கு மேல் உயரலாகாது என்பதே அக்கோணத்தின் எளிய பொருள். நமது படவரைஞர்கள் இன்றும் வீட்டின் பின்புறத்தே வரைந்துகாட்டும் 63½ பாகைக் கோடு இம்மரபின் எச்சமே. மாடிகள் நெருங்கிய நகரத்துக்கு அது தேவையாயிருந்தது. கிடுகு வேய்ந்த ஒற்றை நிலை வீடுகளைக் கொண்ட கரையோரக் கிராமத்துக்கோ அக்கோடு சொல்வதற்கு அதிகமில்லை.

மட்டக்களப்புத் தேசத்தில் வீடு என்பது யாது? தாய்வழிக் குடி முறைமை நிலவிய இப்பிரதேசத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குரியன. மகளின் திருமணத்துக்குப் பெற்றோர் வீடு கொடுப்பர். மருமகன் மனைவியின் ஊருக்கு வந்து வாழ்வான். மூத்த மகளுக்கு வீட்டை விட்டுக்கொடுத்த பெற்றோர் அதே வளவில் வேறொரு வீட்டை எழுப்பி அடுத்த மகளின் திருமணத்துக்கு ஆயத்தமாவர். ஆகவே வளவு என்பது ஒரு வீட்டுக்கான நிலமன்று. தலைமுறைகளினூடாக விரியும் வீட்டுத் தொடருக்கான நிலமாகும். இவ்வழமையோடு தொடர்புடைய முக்குவர் சட்டத்தைப் பிறிற்றோ 1876இல் நூலாக்கினார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட 15ஆம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் நீதிமன்றச் செல்வாக்கை இல்லாதொழித்தது. எனினும் சட்டம் மறைந்த பின்னரும் சீதன வீட்டு வழமை மறையவில்லை.

நீண்டகாலம் இவ்விரு உலகங்களும் அதிகம் மோதவில்லை. கட்டடச் சட்டம் முதன்மையாக நகரங்களையே நோக்கியது. நிலைமையை மாற்றிய காரணிகள் பல. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் மண் வீடுகளையும் ஓலை வீடுகளையும் பெருமளவில் அழித்தது. கல்வீடு வசதியின் அடையாளமாக மட்டுமன்றிப் பாதுகாப்பின் தேவையாகவும் உணரப்பட்டது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையைத் தோற்றுவித்தது. 1981இல் கிராம சபைகள் ஒழிந்து மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் 1988இல் பிரதேச சபைகள் தோன்றின. இதன்பின் காணி உறுதி, நில அளவைப் படம், கட்டடப்படம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் தளப்பார்வை என்பன கிராமத்து வீட்டுக்கும் உரிய படிகளாயின.

முரண்பாடு இங்குதான் கூர்மையடைகின்றது. அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், தாம் பொருந்தும் பிரதேசங்களில், குடியிருப்புக் காணியின் குறைந்த அளவைப் பொதுவாக 150 சதுர மீற்றர், ஏறத்தாழ 6 பேர்ச், என வகுத்தன. (2021இல் அவற்றின் இடத்தைப் புதிய விதிகள் பெற்றன.) கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச், கொண்ட வளவொன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு மகள்மாருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 10 பேர்ச். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரு மகள்மார் எனின், 5 பேர்ச். இரண்டாம் தலைமுறையிலேயே வழமை விதியை மீறிவிடுகின்றது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே வேண்டப்படும் 50 அடியையும் நோக்குக. சதுரமான 5 பேர்ச் காணியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 37 அடியே. நிலத்தடி நீர் ஆழமின்றிக் கிடக்கும் மணற்றரையில் அவ்விதியைப் புறக்கணிப்பது குழந்தைகளின் உயிரோடு விளையாடுவதாகும். எனவே விதிகள் யாவும் அந்நியமானவை என ஒதுக்குவது முற்போக்கான நிலைப்பாடு ஆகாது.

குறை விதியின் சுகாதார நோக்கிலன்று, அது கற்பனைசெய்யும் உரிமையாளனிலேயே உள்ளது. ஒரு காணி, ஒரு வீடு, ஒரு உரிமையாளன் என்பதே படிவத்தின் உலகம். அவ்வுரிமையாளன் ஆணாகவே இருப்பான் என்ற ஊகமும் நிர்வாகத்தில் ஊறியது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரக் காணியின் பின்னுரித்தில் மகளுக்கு முன்னே மகனை வைத்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தமே அவ்வரிசையை மாற்றியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையின் பின் இவ்வூகம் வெளிப்படையாயிற்று. வடக்குக் கிழக்குக் கரையில் 200 மீற்றரும் தெற்கில் 100 மீற்றரும் கட்டடத் தடை வலயங்களாக முதலில் அறிவிக்கப்பட்டன. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. இதனிடையே இடம்பெயர்ந்தோருக்குரிய வீடுகள் பல ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் ஆண்களுக்கு வழங்கப்பட்டன. தாயிடமிருந்து வந்த வளவை இழந்த பெண், புதிய வீட்டில் கணவனின் பெயருக்குக் கீழ்க் குடியிருப்பவளானாள். கிழக்கிலங்கையின் ஆழிப்பேரலை வீடுகளையும் சீதனத்தையும் பற்றி டெனிஸ் மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தில் கவனத்துக்குரியது.

மேற்கூறியவற்றிலிருந்து இரு முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, படம் வரையுமுன் உரிமை வரையப்படவேண்டும். வளவைப் பிரிக்கும் நில அளவைப் படமும் மகளின் பெயரிலான உறுதியும் முந்தினால், அவளே விண்ணப்பகாரியாவாள். சகோதரிகளுக்குப் பொதுக் கிணறு, பொதுப் பாதை என்பவற்றையும் அப்படத்திலேயே குறிக்கலாம். சபைகளும் பல வீடுகள் கொண்ட வளவை ஒரு முழுமையாக நோக்கும் நடைமுறையை உருவாக்குதல் வேண்டும். இரண்டாவது, உள்ளூராட்சி அலுவலகங்களில் எஞ்சியிருக்கும் பழைய கட்டடப்படங்கள் வரலாற்றுச் சான்றுகளாகப் பேணப்படல் வேண்டும். சமையலறை எப்போது வீட்டுக்குள் வந்தது, திண்ணை எப்போது மறைந்தது, விண்ணப்பத்தில் தாயின் பெயர் இருந்த இடத்தில் எப்போது வேறு பெயர் வந்தது என்பவற்றை அரசர் வரலாறு கூறாது. அவை அப்படங்களின் ஓரங்களிலேயே எழுதப்பட்டுள்ளன.