நாப்பது கொண்டை ஊசிக்கு மேல தங்கச்சி வீடு

தேங்காய் வெட்டு முடிஞ்சு நாலு நாள் ஓய்வு கிடைச்சது. சென்னையிலிருந்து மகளும் பேரனும் வந்திருந்தாங்க. எல்லாருமா வால்பாறையில இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்தோம். ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. உங்கள்ல பாதிப்பேர் போயிருப்பீங்க, போட்டோவும் எடுத்திருப்பீங்க.

தங்கச்சி இருக்கிறது எஸ்டேட் லைன் வீடு. மறுநாள் காலையில ஆறு மணிக்கே மருமகன் ஜீப்பை எடுத்துட்டான். தங்கச்சி வீட்டுக்காரர், அதாவது எங்க மாப்பிள்ளை, முன்னாடி உக்காந்துக்கிட்டார். தேயிலை மேல பனி படுத்துக் கிடந்தது. புதுத்தோட்டத்துக்கிட்ட வந்ததும் ரோட்டோர மரத்துல சிங்கவால் குரங்குக் கூட்டம். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுத்தி வெள்ளைப் பிடரி. பேரன் பிஸ்கட்டை நீட்டினான். மாப்பிள்ளை வெடுக்குன்னு பிடுங்கிட்டார். "கண்ணு, இது ரோட்டுக்கு இறங்கறதே உன்ன மாதிரி ஆளுக குடுத்துப் பழக்கினதாலதான். இறங்கினா வண்டியில அடிபடும்"னார். அதுங்க தரைக்கு வராம ரோட்டைத் தாண்டறதுக்குன்னே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டிவிட்டிருக்காங்க. மரத்தை விட்டு இறங்காத சாதி அது. மரம் இல்லாமப் போனா என்ன பண்ணும்?

மரம் ஏன் இல்லாமப் போச்சுங்கறதுதான் கதை. 1890கள் கடைசியில வெள்ளைக்காரங்க இங்க காட்டை விலைக்கு வாங்கித் தோட்டம் போட வந்தாங்க. அவங்கள்ல கார்வர் மார்ஷ்னு ஒருத்தருக்கு இன்னைக்கும் ரோட்டோரம் சிலை நிக்குது. அதுக்கப்புறம் முப்பது நாப்பது வருஷத்துல சோலைக்காடு பெரும்பகுதி போய் காப்பி, தேயிலைன்னு ஆகிப்போச்சு. பள்ளத்துலயும் ஆத்தோரத்துலயும் துண்டு துண்டா மிஞ்சின காட்டுலதான் இந்தக் குரங்கும் இருவாச்சியும் பிழைச்சுக் கிடக்குது.

சிலைக்கிட்ட ஜீப்பை நிறுத்தினோம். மாப்பிள்ளை இறங்கவே இல்லை. அவரோட தாத்தா கங்காணிகிட்ட முன்பணம் வாங்கிட்டு மலையேறினவர். கடன் தீர்ந்தா ஊருக்குப் போயிடலாம்னு வந்தாராம். கடன் தீரல. அட்டைக்கடி, குளிர், மலைக்காய்ச்சல். கூட வந்த தம்பியும் தங்கச்சியும் ஒரே மழைக்காலத்துல போயிட்டாங்க. புதைச்ச இடம் இப்ப தேயிலைக்குள்ள எங்கயோ இருக்குதாம். இந்தக் கொடுமையெல்லாம் தோட்ட டாக்டரா இருந்த பி.எச்.டேனியல் 1969ல 'ரெட் டீ'ங்கற நாவலா இங்கிலீஷ்ல எழுதினார். இரா.முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு'ன்னு தமிழுக்குக் கொண்டுவந்தார். நான் ரெண்டு தடவை படிச்சேன். மாப்பிள்ளைகிட்ட குடுத்தேன், பத்துப் பக்கம் படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டார்.

ஒன்பதாவது வளைவு வரைக்கும் இறங்கினோம். இந்த மலைக்கு ரோடு போட்ட என்ஜினியர் லோம் பேருலதான் அந்த இடத்துக்கு லோம்ஸ் வியூன்னு பேரு. கீழ ஆழியாறு அணை தட்டுல ஊத்தின தண்ணி மாதிரி கிடந்தது. பாறை விளிம்புல நாலு வரையாடு, ஒண்ணு குட்டி. செங்குத்துப் பாறையில கால் வைக்க நமக்கு எடமே தெரியாது, அது நின்னு மேயுது. பேரன் பேச்சு மூச்சில்லாமப் பார்த்தான்.

எனக்கு இந்த மலை இன்னொரு வகையிலயும் சொந்தம். மேல் சோலையாத்துத் தண்ணி சுரங்கம் வழியா பரம்பிக்குளம் போய், தூணக்கடவு, சர்க்கார்பதி, திருமூர்த்தி அணைன்னு சுத்திதான் உடுமலைப் பக்கம் எங்க வாய்க்காலுக்கு வருது. நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வெச்சு விடறாங்க. முறை வர்ற அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வராது.

திரும்பி வர்றப்ப தேயிலைக்குள்ள காட்டுமாடு நின்னுச்சு, அதோட சரி. யானையைப் பார்க்கணும்னு பேரனுக்கு ஆசை. தங்கச்சிக்கு அந்த ஆசை கிடையாது. பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி அரிசிக்கும் உப்புக்கும் சமையல்கட்டுச் சுவத்தை இடிச்சது யானை. பிள்ளைகளைத் தூக்கிட்டு கட்டிலுக்கு அடியில கிடந்திருக்கா. இப்ப யானை பக்கத்துல வந்தா போனுக்கு மெசேஜ் வருது. தூரத்துல கம்பத்துல சிவப்பு லைட் எரியுது. யானை ஒண்ணும் புதுசா வரலை. பகல்ல ஆத்தோரக் காட்டுல ஒதுங்கிட்டு, பொழுது சாஞ்சா தேயிலைக்குள்ள இறங்கி அடுத்த துண்டுக் காட்டுக்குப் போகுது. தோட்டம் போடறதுக்கு முன்னாடியே அது நடந்த தடம். "நாமதான் அது வழியில வீடு கட்டிக்கிட்டோம்"னு தங்கச்சியே சொல்றா, சுவரு இடிஞ்சவ சொல்றா.

கல்யாணம் பண்ணிக் குடுக்கறப்ப எஸ்டேட் வேலைன்னா மாசச் சம்பளம், வீடுன்னு அப்பா சந்தோஷப்பட்டார். அந்த வீடுதான் இப்பப் பிரச்சனை. மாப்பிள்ளை போன வருஷம் ரிட்டயர்ட் ஆயிட்டார். தங்கச்சிக்கு இன்னும் பத்து மாசம். அது முடிஞ்சா லைன் வீட்டைக் காலி பண்ணணும். மூணு தலைமுறை மலையில உழைச்சும் அவங்க பேருல ஒரு சென்ட் நிலம் இல்லை. மருமகன் டூரிஸ்ட்டுக்கு ஜீப் ஓட்டிட்டு இங்கயே இருந்துக்குவேன்கறான், எங்கன்னு கேட்டா பதில் இல்லை.

கிளம்பறப்ப தங்கச்சி தேயிலைத்தூள் பொட்டலமும் கொஞ்சம் மிளகும் குடுத்தா. பேரனை முத்திட்டு, என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அண்ணா, உங்க பக்கம் வாடகை எவ்வளவு வருதுன்னு விசாரிச்சு வைங்க"ன்னா. விசாரிச்சுட்டு இருக்கேனுங்க.