ஹாப் தோட்டத்துக்குப் போன பிள்ளைகள்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் கடைசியில், லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் விடியும் முன்பே ஒரு கூட்டம் சேரும். கிழக்கு லண்டனின் நெருக்கடியான தெருக்களிலிருந்து வந்த பெண்கள். தள்ளுவண்டியில் பானை, கெட்டில், போர்வை, பழைய திரைச்சீலை, அவற்றின் மேல் ஒரு கைக்குழந்தை. பாவாடையைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலைந்து பிள்ளைகள். இவர்களுக்கென்றே மலிவுக் கட்டணத்தில் ரயில்கள் ஓடின. அந்தக் கட்டணமும் கட்டுப்படியாகாதவர்கள் சின்னப் பிள்ளைகளைப் பாவாடைக்கு அடியில் ஒளித்து அழைத்துப் போனதை, அந்தத் தலைமுறையினரின் நினைவுகள் சிரிப்போடு சொல்கின்றன.

அவர்கள் போனது கென்ட் மாவட்டத்து ஹாப் தோட்டங்களுக்கு. பியருக்குக் கசப்பைத் தருவது ஹாப் கொடியின் பூ. அது முற்றும் காலத்தில் மூன்று, நான்கு வாரங்களுக்குள் பறித்தாக வேண்டும். அளவுக் கணக்கில் கூலி. தகரக் கொட்டகையில் வைக்கோல் படுக்கை, வெளியே விறகு அடுப்பு. கணவர்கள் பெரும்பாலும் வார இறுதியில் வந்துவிட்டுப் போவார்கள். இந்தப் பயணத்தைத்தான் அந்தப் பெண்கள் ‘விடுமுறை’ என்று சொன்னார்கள். புகையில்லாத காற்று, மரத்தடியில் தூங்கும் குழந்தை, பக்கத்துக் கொட்டகையில் அக்கா தங்கையின் குடும்பம். கையில் கறுப்பாக ஒட்டும் ஹாப் கறை. திரும்பும்போது குளிர்காலத்துக்குப் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கப் பணம்.

லண்டன் பள்ளிகள் திறந்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும். பதிவேட்டில் இந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்ற குறி வரிசையாக விழுந்திருக்கும். ஊர் திரும்பியதும் கதவைத் தட்டுபவர் வருகை அதிகாரி.

பள்ளி நடக்கும் நாளில் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகலாமா என்பது இன்று இங்கிலாந்தில் பெரிய சண்டை. பெற்றோரின் உரிமையா, அரசின் அதிகாரமா என்றே அது பேசப்படுகிறது. இந்தப் பேச்சில் ‘பெற்றோர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள். நூற்றைம்பது ஆண்டுகளாக அந்தக் கதவைத் திறந்து பதில் சொன்னவள் அவள்தான். அவள் பக்கத்திலிருந்து இந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

கட்டாயக் கல்வி பெண்களுக்கு எதிரான சதி என்று தொடங்கினால் அது பொய்யாகிவிடும். 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் இங்கிலாந்தில் பள்ளி வாரியங்களை உருவாக்கியது. அவற்றுக்குப் பெண்களும் போட்டியிடலாம். அந்த ஆண்டு நவம்பரில் நடந்த முதல் தேர்தலிலேயே மருத்துவர் எலிசபெத் காரெட்டும், பெண்கள் கல்லூரிக்காகப் போராடிய எமிலி டேவிஸும் லண்டன் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கு அப்போது இல்லை. ஆயினும் பள்ளி வாரியத்தில் அவர்கள் நுழைந்துவிட்டார்கள். 1871இல் வருகையைக் கட்டாயமாக்கிய விதிகளைக் கொண்டுவந்தது அந்த வாரியம்தான். 1880இல் நாடு முழுவதும் ஐந்து வயது முதல் பத்து வயது வரை பள்ளிக்கு வருவது சட்டப்படி கட்டாயமானது.

பள்ளிக்கு வராமல் போன பிள்ளைகள் யார் என்று பார்த்தால் அந்தப் பெண்கள் ஏன் இதை ஆதரித்தார்கள் என்பது புரியும். லண்டன் ஏழைக் குழந்தைகளின் வாழ்க்கையை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் அன்னா டேவின் இதை விரிவாக எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். அன்று வீட்டில் நிறுத்தப்பட்டவள் மூத்த பெண். தாய்க்குப் பிரசவமானால், தம்பிக்குக் காய்ச்சல் வந்தால், தாய் கூலிவேலைக்குப் போனால் நின்றவளும் அவள்தான். வருகை அதிகாரிகள் பையன் வராமல் போனதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். பெண் வராவிட்டால், ‘வீட்டில் வேலை இருந்திருக்கும்’ என்று கண்டும் காணாமலும் விட்டார்கள். அந்தத் தாட்சண்யத்தால் போனது அவளுடைய படிப்பு.

பள்ளிக்குப் போன பெண்ணுக்கும் அங்கே காத்திருந்தது என்ன? 1882 முதல் பெண்களுக்குச் சமையல் கற்பித்தால் பள்ளிக்கு மானியம். 1890 முதல் துணி வெளுக்கக் கற்பித்தாலும் மானியம். திங்கட்கிழமை வீட்டில் துவைத்தால் அது விதிமீறல், அதையே பள்ளியில் செய்தால் பாடம்.

சட்டம் யாருக்கெல்லாம் வளைந்து கொடுத்தது என்று பார்ப்போம். லங்காஷையரின் பஞ்சாலைகளுக்குச் சின்னக் கைகள் தேவைப்பட்டன. ஆகவே பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளி என்று பிள்ளைகள் வேலை செய்ய அனுமதி இருந்தது. 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வந்த பிறகுதான் அது ஒழிந்தது. கென்ட்டின் கிராமப் பள்ளிகள் ஹாப் பறிக்கும் காலத்தை ஒட்டியே தங்கள் நீண்ட விடுமுறையை வைத்துக்கொண்டன. தோட்ட முதலாளிக்கு ஆள் வேண்டும், பள்ளி மூடும். அதே தோட்டத்தில் அதே கொடியைப் பறித்த லண்டன் பிள்ளைக்கு மட்டும் அது குற்றம், ஏனென்றால் அவளுடைய பள்ளியின் நாட்காட்டி வேறு.

பஞ்சாலை ஊர்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆண்டுக்கு ஒரு வாரம் ஊரின் ஆலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். அதை ‘வேக்ஸ் வாரம்’ என்பார்கள். ஒவ்வோர் ஊருக்கும் கோடையில் ஒவ்வொரு வாரம். ஆலை நின்றதும் ஊரே பிளாக்பூல் கடற்கரைக்கு ரயிலேறும். பள்ளிகளும் அந்த வாரத்துக்குத் தக்கபடி விடுமுறை விட்டன. அதனால் பிள்ளையை அழைத்துப் போவது யாருக்கும் குற்றமாகவில்லை.

அந்த ஒரு வாரத்திலும் தாய்க்கு ஓய்வு இருந்ததா? நெடுங்காலம் அந்த வாரத்துக்குக் கூலியே கிடையாது. ஆண்டு முழுவதும் சேமிப்புச் சங்கத்தில் காசு கட்டி அதற்காகச் சேர்த்தார்கள். பிளாக்பூலின் தங்கும் விடுதிகளில் அறைக்குத்தான் வாடகை. தினமும் கடைக்குப் போய்க் கறியும் காய்கறியும் ரொட்டியும் வாங்கி வந்து விடுதிக்காரியிடம் கொடுத்தால் அவள் சமைத்துத் தருவாள். ஆக, அந்த ஊரின் விடுமுறை இரண்டு பெண்களின் உழைப்பில் நடந்தது: ஒருத்தி கூடையோடு கடைத்தெருவில், இன்னொருத்தி அடுப்படியில்.

கூலியோடு விடுமுறை என்பதற்கான சட்டம் 1938இல் வந்தது. அதன்பின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதனதன் வேலையைப் பொறுத்து விடுமுறை என்ற நிலை உருவானது. இயந்திரங்கள் வந்ததால் 1960களில் ஹாப் பறிக்கும் கூட்டங்கள் மறைந்தன. பஞ்சாலைகள் மூடப்பட மூடப்பட, வேக்ஸ் வாரமும் தேய்ந்தது. முதலாளிக்காக வளைந்து கொடுக்க வேண்டிய தேவை இனிப் பள்ளிக்கு இல்லை. தொழிற்சாலையின் நேரம் வேறு, மருத்துவமனையின் பணிமுறை வேறு, பள்ளியின் நாட்காட்டி வேறு. இவற்றுக்கு இடையில் விழும் பள்ளத்தை யாராவது நிரப்பியாக வேண்டும்.

அதை நிரப்பியவளுக்குச் சட்டம் என்ன இடம் கொடுத்தது என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. அன்றைய சட்டத்தில் திருமணத்துக்குள் பிறந்த பிள்ளையின் பாதுகாவலர் தகப்பன்தான். ஆனால் வருகை அதிகாரி பகலில் வருவார், அப்போது வீட்டில் இருப்பவள் தாய். விசாரணைக்கு அழைத்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கணவன் போக மாட்டான். பெரும்பாலும் போய் நின்றவளும் அவளே. பிள்ளை விஷயத்தில் தகப்பனுக்கு உள்ள அதே உரிமையும் அதிகாரமும் தாய்க்கும் உண்டு என்று இங்கிலாந்துச் சட்டம் தெளிவாகச் சொன்னது 1973இல். அதாவது, கட்டாய வருகைச் சட்டம் வந்து நூறு ஆண்டுகள் வரை, சமமான உரிமை இல்லாமலேயே அவள் பொறுப்பை மட்டும் சுமந்தாள்.

2000ஆம் ஆண்டில் சட்டம் இன்னும் கடுமையானது. பிள்ளை பள்ளிக்கு வராததைத் தெரிந்தே விட்டுவிட்ட பெற்றோரைச் சிறைக்கும் அனுப்பலாம் என்றானது. 2002 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் பான்பரியில், பதின்வயதுப் பெண்கள் இருவர் பள்ளிக்குப் போகவில்லை என்று அவர்களுடைய தாய்க்கு 60 நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 28 நாளாகக் குறைந்தது. தனியாகப் பிள்ளைகளை வளர்த்த பெண் அவர். பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்காத தாய் என்று அவருடைய முகம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் அபராதச் சீட்டைக் கொண்டுவந்தது. அப்போதும் சிறப்புக் காரணம் இருந்தால் ஆண்டுக்குப் பத்து பள்ளி நாள் வரை குடும்ப விடுமுறைக்குத் தலைமையாசிரியர் அனுமதி தர இடம் இருந்தது. 2013 செப்டம்பர் முதல் அந்த இடமும் அடைபட்டது. ‘விதிவிலக்கான சூழ்நிலை’ இருந்தால் மட்டுமே அனுமதி.

இதை எதிர்த்து நாடறிந்த வழக்கை நடத்தியவர் ஒரு தகப்பன். வைட் தீவைச் சேர்ந்த ஜான் பிளாட், 2015 ஏப்ரலில் தன் மகளை ஏழு பள்ளி நாட்கள் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார். அபராதம் கட்ட மறுத்தார். உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளும் உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. 2017 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் பிரெண்டா ஹேல், அதே ஆண்டில் அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் தலைவரானவர். ‘ஒழுங்காக’ வருவது என்றால் பள்ளி வகுத்த விதிப்படி வருவது என்று அவர் பொருள் சொன்னார். நினைத்தபோது பிள்ளையை நிறுத்தினால் மற்றப் பிள்ளைகளின் படிப்பும் கெடும், விதியை மதித்து நடக்கும் பெற்றோருக்கும் அது அநியாயம் என்பது அவர் வாதம். திங்கட்கிழமைப் பெண்ணை நினைத்துக்கொண்டு படித்தால், அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. 2017இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், பிள்ளை பள்ளிக்கு வராததற்காக வழக்குக்கு உள்ளானவர்கள் 16,406 பேர். விடுமுறை, நோய், பள்ளியைக் கண்டு பயம் என எல்லாக் காரணங்களும் இதில் அடங்கும். அவர்களில் 11,739 பேர் பெண்கள். சிறைக்குப் போன 10 பேரில் 9 பேர் பெண்கள். தகப்பன் ஒருவர் உரிமைக்காகப் போராடிய கதையை நாடே அறிந்தது. அதே ஆண்டில் நீதிமன்றம் ஏறிய பதினோராயிரம் பெண்களில் ஒருத்தியின் பெயராவது யாருக்கும் நினைவிருக்குமா?

2024 ஆகஸ்ட் முதல் அபராதம் 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர் என்றால் 320 பவுண்டு. விடுமுறைக் காலத்தில் விமானக் கட்டணம் ஏறும் ஏற்றத்தோடு ஒப்பிட்டு, இது பரவாயில்லை என்று அபராதத்தையும் பயணச் செலவில் சேர்த்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. 2023–24 கல்வியாண்டில் இங்கிலாந்தில் சுமார் 4,87,000 அபராதச் சீட்டுகள், பத்தில் ஒன்பது குடும்ப விடுமுறைக்காக. இந்தச் சீட்டு முறை அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளுக்கானது. கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிகளுக்கு விடுமுறையே நீளம். வசதி உள்ளவருக்கு அபராதம் கூடுதல் கட்டணம்தான். தனித்து வாழும் ஏழைத் தாய்க்கு அது நீதிமன்றத்துக்குப் போகும் படி.

நம்மவர்களுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. லண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர்க் கல்யாணம் தையிலும் மாசியிலும் வரும். அங்கே அது பள்ளி நடக்கும் காலம். ஊரில் மாமியார் படுக்கையில் விழுந்தால் மருமகள் போக வேண்டும், பிள்ளைகளை விட்டுப் போக இடமில்லை. போகாவிட்டால், ‘வெளிநாட்டுக்காரி’ என்று சொந்தங்கள் பேசும். போனால், ‘பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லாதவள்’ என்று பள்ளிக் கடிதம் பேசும். உறவைக் காப்பதும் அவள் வேலை, வருகைச் சதவீதத்தைக் காப்பதும் அவள் வேலை. பெட்டி கட்டுவதும், அனுமதிக் கடிதம் எழுதுவதும், திரும்பி வந்து விட்டுப்போன பாடத்தை உட்கார்ந்து சொல்லித் தருவதும் அவளே.

குடும்பத்தின் சுதந்திரம் என்ற பெயரில் பள்ளியை எதிர்ப்பது பெண்ணியத்தின் வேலை அல்ல. அந்தக் குடும்பம்தான் திங்கட்கிழமை தோறும் மூத்த பெண்ணை வாளியோடு நிறுத்தியது. ஒழுங்கு என்ற பெயரில் அபராதத்தை ஆதரிப்பதும் அதன் வேலை அல்ல. அந்த ஒழுங்கு ஆலைக்கும் தோட்டத்துக்கும் வளைந்து கொடுத்தது, அதே ஒழுங்கு தாயைக் கூண்டில் நிறுத்தியது. நாம் கேட்க வேண்டியது வேறு. வேலை கொடுப்பவர் ஏன் பள்ளி நாட்காட்டியைப் பார்த்து விடுப்புத் தருவதில்லை? பள்ளி மூடும் வாரத்தில் கட்டணத்தை ஏற்றும் பயண நிறுவனத்துக்கு ஏன் சீட்டுப் போகவில்லை? பிள்ளை வராத நாளில் தகப்பனின் கைபேசி ஏன் முதலில் ஒலிப்பதில்லை?

ஹாப் தோட்டத்துக்குப் போன பெண்கள் முதியவர்களாகி அந்த நாட்களைச் சொன்னபோது, வாழ்க்கையின் மகிழ்ச்சியான வாரங்கள் அவை என்றார்கள். விடியலில் எழுந்து பொழுது சாயும் வரை பூப் பறித்த, பிறகு விறகடுப்பில் சமைத்த வாரங்கள். அவர்களுக்கு வாய்த்த ஒரே விடுமுறை அது. பதிவேட்டில் அந்த வாரங்களுக்கு நேரே பிள்ளையின் பெயரும் ‘வரவில்லை’ என்ற குறியும் மட்டும் இருக்கின்றன. தாய் எங்கே இருந்தாள், என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எழுத அதில் கட்டம் இல்லை.