சபராளியும் சாசனமும்

'சபர்' என்னும் அரபுச் சொல் தமிழ் முஸ்லிம்களின் வீட்டுச் சொல்லாகி நெடுங்காலமாயிற்று. பிழைப்பை நாடிக் கடல் கடந்தவரைச் 'சபராளி' என்று அழைப்பது காரைக்கால், நாகூர் முதலிய ஊர்களில் இன்றும் வழக்கில் உள்ளது. இச்சொல்லின் வேருக்குத் 'திரையை விலக்குதல்', 'வெளிப்படுத்துதல்' என்னும் பொருள் உண்டு. மனிதரின் உண்மை இயல்பை வெளிப்படுத்துவதாலேயே பிரயாணத்திற்குச் சபர் என்னும் பெயர் அமைந்தது என அரபு அறிஞர்கள் விளக்கம் கூறுவர். பிரயாணம் மனிதரை மட்டுமல்ல, அவர் மடியில் வைத்திருக்கும் காகிதத்தின் தன்மையையும் வெளிப்படுத்திவிடும் என்பதை வரலாறு காட்டுகிறது. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்தது நமது தேசூர். குழித்தறியில் அமர்ந்து பாவும் ஊடையும் கூட்டிச் சேலை நெய்யும் கை எத்துணைப் பயிற்சி உடையது என்பதை இவ்வட்டார மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் இந்நாட்டிலிருந்து துணி மட்டுமே கடல் கடந்தது. நெய்தவன் ஊரிலேயே இருந்தான். பழவேற்காட்டின் பெயரால் வழங்கிய கைலிகள் கீழைத் தீவுகளிலும், சென்னையின் பெயரால் வழங்கிய கைக்குட்டைத் துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவிலும் விலை போயின. இன்றோ துணியை விட்டுவிட்டுக் கையே கடல் கடக்கப் புறப்படுகிறது. பட்டு நூலின் விலையும் நெசவுக் கூலியும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத வீடுகளில் மகன் மின்பணியோ, குழாய்ப்பணியோ, வெல்டிங்கோ கற்றுக்கொண்டு, "அத்தா, நான் சபர் போகிறேன்" என்கிறான். இது புதுமையன்று. பட்டு நெய்வோர் நாடு விட்டு நாடு சென்ற செய்தி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

கூடிச் சென்றவர்கள்

மத்தியப் பிரதேசத்திலுள்ள மந்தசோர் என்னும் ஊரின் பண்டைப் பெயர் தசபுரம். அங்கு கிடைத்த வடமொழிக் கல்வெட்டு ஒன்று பட்டு நெசவாளர் குழு ஒன்றின் வரலாற்றைக் கூறுகிறது. இன்றைய தென் குசராத்தாகிய இலாட நாட்டில் வாழ்ந்த அந்நெசவாளர், தசபுரத்து அரசரின் நற்குணங்களைக் கேள்வியுற்று, மனைவி மக்களோடு அந்நகருக்குக் குடிபெயர்ந்தனர். சென்ற இடத்தில் சிலர் நெசவையே தொடர்ந்தனர்; சிலர் வில்வித்தையும், சிலர் சோதிடமும், சிலர் கதை சொல்லும் கலையும் பயின்றனர். தம் ஈட்டத்தைக் கொண்டு கி.பி. 437-ஆம் ஆண்டளவில் சூரியனுக்கு ஓர் ஆலயம் எழுப்பினர். 473-ஆம் ஆண்டளவில் அதனைப் பழுது பார்த்தனர். ஆரணியிலும் தமிழகத்தின் பிற நெசவு ஊர்களிலும் வாழும் சௌராட்டிர மக்கள் தம் முன்னோரை இக்குழுவோடு தொடர்புபடுத்திப் பேசுவதுண்டு.

இங்குக் கருதத்தக்கது ஒன்று. அவர்கள் தனித்தனியே செல்லவில்லை. ஒரு சங்கமாகச் சென்றனர். செல்லுமிடத்தைப் பற்றி விசாரித்து அறிந்து சென்றனர். ஆகவே புதிய நாட்டிலும் அவர்கள் பெயர் கல்லில் நின்றது.

கொண்டு செல்லப்பட்டவர்கள்

இதற்கு நேர்மாறான மற்றொரு வரலாறும் உண்டு. ஹிஜ்ரி 133, அதாவது கி.பி. 751-இல், மத்திய ஆசியாவில் தலாஸ் ஆற்றங்கரையில் அப்பாஸியப் படைகளும் சீனப் படைகளும் மோதின. சிறைப்பட்ட சீனருள் தூ ஹுவான் என்பவரும் ஒருவர். அவர் இராக் வரை கொண்டு செல்லப்பட்டு, ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின், 762-இல் வணிகக் கப்பல் ஏறித் தாயகம் மீண்டார். அவர் எழுதிய பிரயாண நூலின் சில பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன. கூஃபா நகரில் சீன ஓவியரையும் சீனப் பட்டு நெசவாளரையும் தாம் கண்டதாக அவற்றில் குறித்துள்ளார்.

அந்நெசவாளர் கையிலும் அரிய தொழில் இருந்தது. ஆனால் எந்நகரில் வாழ்வது, எப்போது ஊர் திரும்புவது என்பவை அவர்கள் விருப்பத்தில் இருந்தனவா என்பது வேறு கேள்வி. தசபுரத்து நெசவாளருக்கும் கூஃபா நெசவாளருக்கும் தொழிலில் வேற்றுமை இல்லை. புறப்பட்ட விதத்தில்தான் வேற்றுமை. கைத்தொழில் மட்டும் ஒருவனைக் காத்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

கடன்பட்டு வந்த காழி

ஹிஜ்ரி 725-இல், அதாவது கி.பி. 1325-இல், மொரோக்கோவின் தன்ஜா நகரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவை உலகம் சுற்றிய யாத்திரிகர் என்றே நாம் அறிவோம். அவர் வேலை தேடி வந்தவருமாவார். அவருடைய கைமுதல் மார்க்கச் சட்ட அறிவு. தில்லியில் ஆண்ட முஹம்மது பின் துக்ளக், வெளிநாட்டு அறிஞர்க்குப் பெரும் பதவிகள் கொடுத்து வந்தார். இச்செய்தி நாற்றிசையும் பரவியிருந்தது.

முல்தான் வந்தடைந்த இப்னு பதூதாவிடம் அதிகாரிகள் கேட்டது, "இந்நாட்டில் தங்கிவிடும் எண்ணத்தோடு வந்தீரா?" என்பதே. ஆம் என்றவர்களிடம் காழியையும் எழுத்தர்களையும் வைத்து எழுத்து மூலம் உறுதி பெறப்பட்டது. உடன் வந்தோருள் சிலர் எழுதிக் கொடுக்க மறுத்தனர். அந்நாளைய வேலை ஒப்பந்தம் அது.

மன்னரைக் காணச் செல்வோர் காணிக்கை கொண்டு செல்வது மரபு. மன்னர் அதனினும் பன்மடங்கு திருப்பித் தருவார். இதனை நம்பி, புதிதாக வருவோர்க்குக் காணிக்கைப் பொருள் வாங்கக் கடன் கொடுப்பதையே சில வணிகர்கள் தொழிலாகக் கொண்டிருந்தனர். இப்னு பதூதாவும் அவ்வாறு கடன்பட்டார். ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியத்தில் தில்லியின் காழியாக அமர்ந்தார். அப்படியிருந்தும் அவர் கடன் 55,000 தீனாராக வளர்ந்தது. கடன்காரர்கள் அரண்மனை வாயிலில் நின்று முறையிடும்படி நேர்ந்தது. மன்னரே அதனைத் தீர்க்க வேண்டியதாயிற்று. பின்னர் மன்னரின் ஐயத்திற்கு ஆளாகி, காவலில் வைக்கப்பட்டு, உலகப் பற்றைத் துறந்தவர் போல் வாழ்ந்து, சீனத்துக்குத் தூதராகச் செல்லும் வாய்ப்பின் வழியாகவே அவர் தில்லியை விட்டு வெளியேறினார். கோழிக்கோட்டில் கப்பல் சிதைந்தது. மாலத்தீவில் மீண்டும் காழிப் பதவி, அங்கும் பிணக்கு. அதன்பின் நம் தமிழகமாகிய மஃபர் நாட்டை அடைந்தார். மதுரைச் சுல்தானை அவர் கண்ட 'ஹர்காத்து' என்னும் பாசறை நமது ஆற்காடே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

ஊதியம் பெரிது; ஆனால் வருவதற்கு முன்பே பட்ட கடன் அதனினும் பெரிது. நுழைவது எளிது, வெளியேறுவது அரிது. இப்னு பதூதா போன்ற கல்விமானுக்கே இந்நிலை என்றால், ஏழை நெசவாளியின் மகன் எத்துணை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

சட்டம் கண்ட 'கைவினைஞன்'

பிரிட்டிஷ் ஆட்சியில் 1834 முதல் மொரீசியசுக்கும், பின்னர் பிற தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் அனுப்பப்பட்டனர். இம்முறையில் ஆள் சேர்ப்பது 1917-இல் நிறுத்தப்பட்டது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி வழியாகச் சென்றோர், ஊரிலேயே பெற்ற முன்பணத்தால் கட்டுண்டனர். தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை இலங்கையில் 1921-இல் ஒழிக்கப்பட்டது.

அதற்கடுத்த ஆண்டில் வந்ததே 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம். அது குடிபெயர்வோரை இருவகையாகப் பிரித்தது: பயிற்சியற்ற வேலைக்குச் செல்வோர், பயிற்சி பெற்ற வேலைக்குச் செல்வோர். இரண்டாம் வகையில் கைவினைஞர், எழுத்தர், கடைச் சிப்பந்தி, பொருட்காட்சி மற்றும் கேளிக்கைகளில் பணியாற்றுவோர், உணவகப் பணியாளர், வீட்டு வேலைக்காரர் ஆகியோர் இடம்பெற்றனர். தேநீர்க் கடையில் கோப்பை கழுவியவர் பயிற்சி பெற்றவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர் பயிற்சியற்றவர்! கையின் திறமையை அளந்து செய்யப்பட்ட பிரிவினை அன்று இது என்பது வெளிப்படை. ஆயினும் அச்சட்டத்தில் ஒரு நன்மை இருந்தது. பயிற்சி பெற்றோரை அழைத்துச் செல்ல விரும்புபவர், எத்தனை பேர், எவ்விடம், என்ன நிபந்தனை என்பவற்றை எழுத்தில் தெரிவித்து அரசின் அனுமதி பெற வேண்டியிருந்தது. வாய்ச்சொல் போதாது என்று சட்டம் கூறியது.

காகிதம் இல்லாதோர் பட்ட பாட்டை 1942-இல் பர்மா கண்டது. ஜப்பானியப் படை நுழைந்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே நாடு திரும்ப முயன்றனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். விட்டு வந்த உடைமைக்குக் கணக்குக் கேட்பார் இல்லை.

இதனோடு 1990-ஐ ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவ்வாண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் இராக் குவைத்துக்குள் படையெடுத்தது. அங்கிருந்த 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர், பெரும்பாலும் ஜோர்தானின் அம்மான் வழியாக, விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். பின்னர் ஐக்கிய நாடுகள் அமைத்த இழப்பீட்டு ஆணையம், குவைத்தை விட்டு வெளியேறியோர்க்கு ஒரு தொகை வழங்கியது. அதனைப் பெறத் தேவைப்பட்டவை, அங்கிருந்து வெளியேறியதையும் அதன் காலத்தையும் காட்டும் எளிய ஆவணங்களே. இரு பேரிடர்களுக்கும் இடையே மாறியவற்றுள் காகிதத்தின் மதிப்பும் ஒன்று.

இரண்டு 'மிஹ்னா'

1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் உலகெங்குமிருந்து ஆட்களை அழைத்தன. 1978-இல் தமிழக அரசு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1983-இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. ஆள் சேர்ப்போர் பதிவு பெற வேண்டும், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள். பதிவு பெற்ற முகவர் பெறக்கூடிய கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதன்மீது வரியும் என விதிகள் வரம்பு கட்டின. ஆனால் பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அப்பாதுகாவலரின் அனுமதி தேவைப்படுவதில்லை. கல்வி அவனை வரிசையில் நிற்கும் துன்பத்திலிருந்து விடுவித்தது. கூடவே அவன் ஒப்பந்தத்தைப் பார்க்கும் இரண்டாவது கண்ணையும் அகற்றிவிட்டது. படித்தவன் தனக்குத் தானே பாதுகாவலனாக வேண்டும்.

இங்குதான் நம் அரபுக் கல்வி பயன்பட வேண்டும். வளைகுடா நாட்டு வசிப்பிட அட்டையில் தொழிலைக் குறிக்கும் சொல் 'மிஹ்னா' என்பது. வட்ட வடிவ 'ஹே' எழுத்தால் எழுதினால் அதற்குத் தொழில் என்று பொருள். தொண்டையில் பிறக்கும் 'ஹா' எழுத்தால் எழுதினால் சோதனை, துன்பம் என்று பொருள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. வாழ்க்கையிலும் பலருக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மின்பணியாளன் என்று கற்றவன் அட்டையில் 'ஆமில்', அதாவது வெறும் தொழிலாளி, என்று எழுதப்பட்டிருந்தால் அவன் திறமைக்குச் சான்றே இல்லை. எழுதப்பட்ட தொழிலை விட்டு வேறு வேலை செய்வதோ அங்குச் சட்டத்துக்கு மாறானது. அண்மை ஆண்டுகளில் சவூதி அரசு வெல்டர், குழாய்ப்பணியாளர், மின்பணியாளர் முதலியோரை இந்தியாவிலேயே தேர்வு வைத்துச் சான்று வழங்கும் முறையை மேற்கொண்டது. ஆகவே கைத்தொழிலைச் சான்றிதழோடு கற்பது இனி விருப்பமன்று, கட்டாயம்.

மற்றொரு சொல் 'கபீல்'. ஃபிக்ஹு நூல்களில் 'கஃபாலா' என்பது, பிறர் பொறுப்போடு தன் பொறுப்பையும் இணைத்துக்கொள்ளும் பிணை. அதாவது, சுமை பிணையாளி தலையில். தொழிலாளியின் கடவுச்சீட்டைப் பூட்டி வைப்பது அச்சொல்லின் பொருளையே தலைகீழாக்குவதாகும். அந்நாட்டுச் சட்டங்களும் அதனைத் தடுக்கின்றன. கத்தார் 2020-இலும் சவூதி 2021-இலும் வேலை மாறும் விதிகளைத் தளர்த்தின.

மூன்றாவது சொல் 'இஜாரா'. கூலி ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுமானால் வேலை இன்னதென்றும், கூலி இவ்வளவென்றும், காலம் இத்தனை நாளென்றும் இரு சாராருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் பாடம். இம்மூன்றையும் கேளாமல் விசாவை வாங்குவது, வீட்டு நகையை அடகு வைத்து இருட்டில் கால் வைப்பதற்கு ஒப்பாகும்.

வளைகுடா நீதிமன்றங்களில் ஒப்பந்தத்தின் அரபுப் பிரதியே முதன்மை பெறுகிறது. நம் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே அரபு எழுத்துகளை அறிந்தவர்கள். ஆயினும் 'ராத்திப்' என்றால் சம்பளம், 'முத்தத்துல் அக்து' என்றால் ஒப்பந்தக் காலம், 'இஜாஸா' என்றால் விடுப்பு என்று அவர்களுக்குச் சொல்லித் தருவார் யார்? தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு மாதம் வகுப்பு வைத்தால் ஐம்பது சொற்களைக் கற்றுக்கொடுத்துவிடலாம். புறப்படும் இளைஞர் அனைவரின் ஒப்பந்தத்தையும் ஜமாஅத்தில் அரபு அறிந்த ஒருவர் வாசித்துப் பொருள் சொல்லும் ஏற்பாட்டைத் தேசூர் போன்ற சிற்றூர்களே முன்னின்று செய்யலாம். அதன் நகல் ஒன்று வீட்டில் தாயிடம் இருக்கட்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பயணச் செலவுக்காகத் தறியை விற்றுவிட வேண்டாம். தறி ஓடாவிட்டாலும் குழியில் இருக்கட்டும். கூஃபாவில் இருந்தோர்க்கு இல்லாத பேறு, திரும்பி வருவதற்கு ஓர் இடம். அவ்விடம் ஊரில் இருக்கிறது என்று அறிந்தவனே அயல்நாட்டில் அநியாயத்துக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் துணிவு பெறுவான்.