உம்மும்மாவின் எழுத்து

நம் பாட்டிமாரைப் பற்றிப் பேசும்போது, "பாவம், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்" என்று சொல்லிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. மேடைகளிலே சொல்கிறோம், பெண்கல்வி பற்றிய கட்டுரைகளிலே எழுதுகிறோம். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரையூர்களைப் பொறுத்தவரை இக்கூற்று உண்மையன்று. அப்பெண்மணிகள் படித்தார்கள், எழுதவும் செய்தார்கள். அவர்கள் எழுதியது நம் கண்ணுக்கு எழுத்தாகப் படாமற் போயிற்று, அவ்வளவே.

அறபுத் தமிழையே ஈண்டுக் குறிப்பிடுகிறோம். மொழி தமிழ், எழுத்து அறபு. அறபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். 'தால்' எழுத்தின் கீழே ஒரு புள்ளியிட்டால் டகரம். 'நூன்' எழுத்தின் கீழே புள்ளியிட்டால் ணகரம். எகர ஒகரங்கள் அறபியில் இல்லை. அவற்றுக்கும் தனிக் குறிகள் உண்டாயின. கடல் வாணிகத்தால் அறபியரோடு கலந்து பழகிய மக்கள், வேதத்தின் எழுத்தையும் வீட்டின் பேச்சையும் ஒன்றாக்கிக் கொண்ட ஏற்பாடு இது. இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) காயல்பட்டினத்திலே பிறந்து கீழக்கரையிலே வாழ்ந்த பெரியார். மார்க்கச் சட்டங்களை விளக்கும் அவர்களுடைய 'மகானீ' இவ்வெழுத்திலேயே அமைந்தது. இத்தகைய நூல்கள் கல்லச்சிலே பதிக்கப்பெற்று வீடுவீடாகப் பரவின.

இவ்வெழுத்து ஆண்களைவிடப் பெண்களிடத்தே நெடுங்காலம் நிலைத்ததற்குக் காரணம் எளிது. ஆணாயினும் பெண்ணாயினும் நான்கைந்து வயதில் ஓதும் பள்ளிக்குப் போயே ஆகவேண்டும். வாப்பா காலத்தார் மரப்பலகையில் மையால் எழுதி, மனனமானதும் கழுவி, மறுபாடம் எழுதியவர்கள். நம் காலத்தில் அச்சிட்ட சுவடி வந்துவிட்டது. சிறுமியர் குர்ஆனை ஓதி முடிப்பதற்குள் அறபு எழுத்து கைவந்துவிடும். அதற்குமேல் சில எழுத்துகளைக் கூடுதலாகக் கற்றுக்கொண்டால் போதும், தமிழும் வாசிக்கலாம். அரசாங்கப் பள்ளிக்குப் போய்த் தமிழ் அரிச்சுவடி கற்க அன்று பெண்பிள்ளைகளுக்கு வாய்த்த ஆண்டுகள் மிகச் சில. பெரியவளானதும் வெளிவாசல் அடைபடும். உள்ளே இருந்தபடியே படிக்க ஓர் எழுத்து அவர்களிடம் இருந்தது. வாசல் அடைபட்டதை நாம் நியாயப்படுத்த முன்வரவில்லை; அடைபட்ட வீட்டினுள் நிகழ்ந்ததையும் வரலாறு கணக்கில் கொள்ளவேண்டும் என்கிறோம்.

நம் உம்மும்மா மஃரிபு தொழுதபின் ரைஹாலை விரித்து உட்காருவார்கள். பக்கத்து வீட்டு மாமிமார் முடுக்கு வழியாகவே வந்து சேருவர். அவ்வழியில் ஆண்கள் எதிர்ப்படமாட்டார்கள். பாக்குவெட்டி ஒலிக்கும், மடியில் பிள்ளை உறங்கும். பெண்புத்தி மாலையை உம்மும்மா இராகத்தோடு படிக்க, ஓர் அடி தவறினால் படிக்கத் தெரியாத மாமியும் எடுத்துக் கொடுப்பார்கள், செவிவழியே மனனமாகியிருந்தது. படிப்பு முடிந்ததும் ஊர்க்கதை தொடங்கும். சொல்லப்போனால், நாம் காத்திருந்தது அதற்குத்தான்!

மாதத்தில் இருமுறை கடிதநாள். பாட்டனார் கொழும்பிலே கடை வைத்திருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. 1914 முதல் 1964-ஆம் ஆண்டுப் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஓடிய கப்பல், நம்மூர்ப் பெண்களின் கடிதங்களை எவ்வளவு சுமந்திருக்குமோ! 1948-க்குப்பின் இலங்கையில் குடியேற்றச் சட்டங்கள் இறுகவே, வாணிகர் பலர் கடையைக் கட்டிக்கொண்டு திரும்பினர். பாட்டனாரும் திரும்பினார்கள். எனினும் உம்மும்மாவின் தம்பி அங்கேயே தங்கிவிட்டமையால் கடிதம் நிற்கவில்லை. வலமிருந்து இடமாக எழுதி, மடித்து, ஒட்டி, நம்மிடம் தருவார்கள். மேல்விலாசம் எழுதுவது நம் வேலை. உள்ளே இருப்பது நமக்குத் தெரியாது. வெளியே நாம் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது. ஒரே உறையின் இருபுறத்தில் இரண்டு கல்வி.

1981-இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒவ்வொருவராகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். உம்மும்மாவின் முறை வந்தது. "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்றார். வாப்பா சற்றும் தயங்காமல், "தெரியாதுங்க" என்றார்கள். எந்த மொழியிலாயினும் பொருளுணர்ந்து எழுதவும் படிக்கவும் தெரிந்தவர் எழுத்தறிவுடையவர் என்பதே கணக்கெடுப்பின் விதி. ஆதலால் விதி உம்மும்மாவை விலக்கவில்லை. பெற்ற மகனே விலக்கினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையென நம்பியே சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த உம்மும்மாவும் மறுத்துரைக்கவில்லை. இப்படி எத்தனை வீடுகளோ!

அதே ஆண்டுகளில்தான் மாமா துபாயிலிருந்து டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார்கள். அறபுத் தமிழின் மறைவுக்கு அறிஞர் பல காரணங்கள் கூறுவர்: பெண்கள் பள்ளிகள் பெருகின, மார்க்க நூல்கள் தமிழெழுத்திலேயே அச்சாயின. இவை முதன்மையான காரணங்களே. ஆயின் கடிதத்தைப் பொறுத்தவரை, நாம் கண்ணால் கண்டது கேசட்டைத்தான். வளைகுடாவில் இருந்த பிள்ளைகள் பேசிப் பதிந்து, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்புவார்கள்; இங்கிருந்து அழுதும் சிரித்தும் பேசிப் பதிந்த மறுமொழி போகும். குரலே வந்துசேரும்போது எழுத்து எதற்கு? உம்மும்மா மட்டும் அந்தக் கருவியின் முன் அமர்ந்தால் ஸலாம் சொல்லிவிட்டுப் பேச்சற்றுப் போவார்கள். கடிதத்தில் இரண்டு பக்கம் ஓடிய நா, அங்கே ஓடவில்லை.

அவர்கள் மவுத்தான பிறகு தகரப்பெட்டியைத் திறந்தார்கள். நைந்த குர்ஆன் பிரதிகள், மாலைகள், கல்லச்சு நூல்கள், கொழும்பிலிருந்து வந்த கடிதக் கட்டு, பெருநாள் செலவுக் கணக்கு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் லேகியத்தின் பக்குவம்; எல்லாம் ஒரே எழுத்து. எது வேதம், எது வீட்டுக்கணக்கு என்று பிரித்தறிய அங்கிருந்தோரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அறபு எழுத்துக் காலில் மிதிபடலாகாது என்ற பேணுதலால், எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடிக்கு எடுத்துச்சென்று, குழி தோண்டி, மரியாதையோடு புதைத்தார்கள். மதரஸாவிலே அறபு படித்துக்கொண்டிருந்த நாம் அப்போது ஊரில் இல்லை. விடுமுறைக்கு வந்தபோது ரைஹால் மட்டும் பரணில் கிடந்தது. அதனிடையே ஒரு தாள். தம்பிக்கு எழுதத் தொடங்கி நிறுத்திய கடிதம். எழுத்துக்கூட்டிப் படித்தோம்: கருவாடு காய்ந்துவிட்டதாம், ஆள் யாராவது வந்தால் கொடுத்தனுப்புவார்களாம்.