கிளிப்ஷ்ஹார்னும் வீட்டு ஹார்ன் ஒலிபெருக்கிகளின் வளர்ச்சியும்

கிளிப்ஷ்ஹார்ன் என்பது அறையின் மூலையில் வைப்பதற்கென்றே உருவான பெரிய ஹார்ன் ஒலிபெருக்கி. பால் வில்பர் கிளிப்ஷ் (1904–2002) இதை வடிவமைத்து, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் தயாரித்தார். 1946-இல் இந்தப் பெயரோடு விற்பனைக்கு வந்தது. அடிப்படை அமைப்பு பெரிதும் மாறாமல் இன்றும் அதே ஊரில் தயாராகிறது. வீட்டு ஹார்ன் ஒலிபெருக்கிகளில் 80 ஆண்டுகளாக நடந்த திருத்தங்களில் முக்கால்வாசியை இந்த ஒரு பெட்டியை வைத்தே விளக்கிவிடலாம். கீழ்ச்சுரப் பகுதியை கிளிப்ஷ் தொடக்கத்திலேயே ஏறக்குறைய முடித்துவிட்டார். பேச்சும் பாட்டும் குடியிருக்கும் நடுப்பகுதிதான் அரை நூற்றாண்டுக்கு மேல் இழுத்தடித்தது.

ஹார்ன் செய்யும் வேலை

திருவிழாக்களிலும் மேடைகளிலும் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கியும் ஹார்ன்தான். ஆனால் அது பேச்சு தொலைவுக்கு எட்ட வேண்டும் என்பதற்காக மட்டும் செய்யப்பட்டது. கீழ்ச்சுரம் அதில் வராது. வீட்டு ஹார்ன் அதே தத்துவத்தை இசையின் முழு வீச்சுக்கும் நீட்டப் பார்க்கிறது.

சாதாரண ஒலிபெருக்கியில் காகிதக் கூம்பு நேரடியாகக் காற்றைத் தள்ளுகிறது. காற்று மிக லேசானது. தள்ளுவதற்குப் பிடிமானமே கிடைக்காது. அதனால் ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் மின்சக்தியில் ஏறக்குறைய 1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் ஒலியாகிறது, மீதி வெப்பமாகப் போகிறது. கூம்பின் முன்னால் குறுகிய தொண்டையில் தொடங்கிப் படிப்படியாக விரியும் குழாயை வைத்தால் நிலைமை மாறும். தொண்டையில் அடைபட்ட காற்று கூம்புக்குச் சுமை தருகிறது. அந்த அழுத்தம் குழாய் விரிய விரிய அகன்ற வாய் வழியாக அறைக்குள் இறங்குகிறது.

பயன்கள் இரண்டு. முதலாவது சிக்கனம். புத்தக அலமாரியில் வைக்கும் ஒலிபெருக்கியின் உணர்திறன் 1 வாட்டுக்கு, 1 மீட்டர் தொலைவில் 88 டெசிபல் அளவில் இருக்கும். கிளிப்ஷ்ஹார்னுக்கு நிறுவனம் தரும் அளவு 104 முதல் 105. இந்த 16 டெசிபல் வேறுபாட்டுக்கு 40 மடங்கு சக்தி தேவை. வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் பத்துப் பதினைந்து வாட் தந்த 1940களில் இது ஆடம்பரம் அல்ல, அவசியம். இரண்டாவது பயனைத்தான் கிளிப்ஷ் பெரிதாக நினைத்தார். சுமை இருப்பதால் கூம்பு குறைந்த தூரமே அசைகிறது. அசைவு குறைந்தால் ஒரு சுரம் இன்னொன்றின் மேல் ஏறிக் கலக்கும் பண்பேற்றத் திரிபும் குறைகிறது. பெரிய வாத்தியக் குழு முழுவீச்சில் வாசிக்கும்போது ஒவ்வொரு வாத்தியமும் தனித்துத் தெரிவதற்கு இதுவே காரணம் என்று அவர் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வாதாடினார். ஒப்புக்கொள்ளாத விளம்பரக் கூற்றுகளைக் கேட்டால் கோட்டு மடிப்பைத் திருப்பி, உள்ளே குத்தியிருந்த மஞ்சள் பட்டனில் அச்சிட்ட வசைச்சொல்லைக் காட்டுவாராம்.

விலை என்று பார்த்தால் அளவுதான். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மீட்டர். வெட்டவெளியில் அந்தச் சுரத்தை ஒழுங்காக வெளிவிட, ஹார்ன் வாயின் சுற்றளவு அந்த அலைநீளத்தை எட்ட வேண்டும். அதாவது வாய் 2.7 மீட்டர் விட்டமும் கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர் பரப்பும் கொண்டிருக்க வேண்டும். அடுக்குக்குறி விரிவு கொண்ட, அதாவது எக்ஸ்போனென்ஷியல் ஹார்னில் பரப்பு ஒவ்வொரு 47 சென்டிமீட்டருக்கும்தான் இரட்டிக்கும். ஆகவே நீளமும் 3 மீட்டரைத் தாண்டும். திரையரங்குக்கு இது சரி. வரவேற்பறைக்கு ஆகாது.

மூலை

தரையும் இரண்டு சுவர்களும் கூடும் மூலையில் ஒலி பரவ எட்டில் ஒரு பங்கு வெளியே இருக்கிறது. ஆகவே வாயின் பரப்பும் எட்டில் ஒரு பங்கு போதும். 6 சதுர மீட்டர் 0.75 ஆகச் சுருங்குகிறது. மூலையைப் பயன்படுத்தியவர்களில் கிளிப்ஷ் முதல்வர் அல்லர். இங்கிலாந்தில் பால் வாய்ட் 1930களிலேயே வீட்டு மூலை ஹார்ன் விற்றார். கிளிப்ஷின் சாமர்த்தியம், மூலைச் சுவர்களையே ஹார்னின் கடைசிப் பகுதியாக ஆக்கியது. கீழ்ச்சுரக் கூம்பான வூஃபர் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் ஒலி ஒரு குறுகிய துளை வழியே புறப்பட்டு, மேலும் கீழுமாகப் பிரிந்து, பின்புறம் திரும்பி, பெட்டியின் இரு பக்கங்களிலும் சுவரை ஒட்டி வெளியே வருகிறது. அங்கிருந்து அறையே அதன் தொடர்ச்சி.

இதை 1941-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் விளக்கினார். 1943-இலும் 1945-இலும் காப்புரிமைகள் கிடைத்தன. எண்ணெய் தேடும் புவி இயற்பியல் பணியில் இருந்தவரை ஹோப் ஊருக்குக் கொண்டுவந்தது போர்க்கால ராணுவச் சோதனைத் தளம். வடிவமைப்பில் அதிகம் பேசப்படாத நுட்பம் ஒன்று உண்டு. ஹார்னின் கீழ் எல்லையான வெட்டு அதிர்வெண்ணை நெருங்கும்போது ஹார்ன் தொண்டையிலுள்ள காற்று ஒரு பாரம் போல நடந்துகொள்கிறது. வூஃபருக்குப் பின்னால் அளந்து மூடிய காற்றறை வைத்தால், அதன் விறைப்பு அந்தப் பாரத்தைச் சமன் செய்துவிடுகிறது. பெட்டியின் அளவு அனுமதிப்பதைவிடக் கீழே, ஏறக்குறைய 35 ஹெர்ட்ஸ் வரை கிளிப்ஷ்ஹார்ன் இறங்குவதற்கு இந்த அறையும் ஒரு காரணம்.

காப்புரிமையை இங்கிலாந்தின் வைட்டாவாக்ஸும் அமெரிக்காவின் எலக்ட்ரோ-வாய்ஸும் உரிமம் பெற்றுப் பயன்படுத்தின. ஜேபிஎல் 1954-இல் ஹார்ட்ஸ்ஃபீல்ட் என்ற தன் மூலை ஹார்னைக் கொண்டுவந்தது. டனாய் நிறுவனம் ஆட்டோகிராஃப் செய்தது. அதே 1954-இல் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 ஒலிபெருக்கி வந்தது. மூடிய சிறு பெட்டிக்குள் இருந்த காற்றையே ஸ்பிரிங்காகக் கொண்டு அது கீழ்ச்சுரம் தந்தது. திறன் மிகக் குறைவு, ஆனால் அலமாரியில் அடங்கியது. 1958-ஐ ஒட்டி ஸ்டீரியோ இசைத்தட்டு வந்ததும் மூலை ஹார்னுக்கு அடுத்த அடி. கதவோ சன்னலோ குறுக்கிடாத, ஒரே சுவரின் இரு முனைகளிலும் அமைந்த இரண்டு மூலைகள் எத்தனை வீடுகளில் இருக்கும்? மூலைகள் விலகி இருந்தால் நடுவில் பள்ளம் விழுகிறது என்பதால் கிளிப்ஷ் மூன்றாவது ஒலிபெருக்கியை நடுவில் வைக்கச் சொன்னார். வீட்டில் உள்ளவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் குறிப்பிட அவசியமில்லை.

நடுப்பகுதியின் சிக்கல்

மடித்த ஹார்னுக்கு மேல் எல்லை உண்டு. அலைநீளம் மடிப்புகளின் அளவை நெருங்கினால் வளைவின் உட்புறமும் வெளிப்புறமும் செல்லும் ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் கிளிப்ஷ்ஹார்னின் வூஃபர் 400 ஹெர்ட்ஸ் அளவில் நிறுத்தப்படுகிறது. அங்கிருந்து மேலே நேரான நடு ஹார்னும், அதற்கும் மேலே உயர்சுரம் தரும் ட்வீட்டரும் பொறுப்பேற்கின்றன. மனிதக் குரலின் பெரும்பகுதி இந்த நடு ஹார்னில்தான் வருகிறது. குறைகளும் அங்கேதான் குவிந்தன.

நீண்ட காலம் பயன்பட்ட கே-400 ஹார்ன் உலோக வார்ப்பு. தட்டினால் மணி போல ஒலிக்கும். வைத்திருப்பவர்கள் அதன் வெளிப்புறத்தில் தார் கலந்த பட்டைகளை ஒட்டி அடக்குவது வழக்கமாக இருந்தது. பின்னால் வந்த கே-401 பிளாஸ்டிக் வகைப் பொருளுக்கு மாறியதால் இந்தக் குறை தணிந்தது. வடிவம் தந்த குறை தணியவில்லை. எக்ஸ்போனென்ஷியல் ஹார்ன் சுமை தருவதில் வல்லது. ஆனால் அதிர்வெண் ஏற ஏற அதன் ஒலி கற்றையாகக் குவிகிறது. நேர் எதிரே அமர்ந்தவருக்குக் கிடைக்கும் சுரச் சமநிலை பக்கத்து நாற்காலிக்குக் கிடைக்காது. போதாக்குறைக்கு, பெட்டிக்குள் அடங்க வாயின் உயரத்தைக் குறைத்ததால், நடுப்பகுதியின் கீழ்ப்பாதியில் மேல்கீழ்ப் பரவலை ஹார்னால் கட்டுப்படுத்த முடியவில்லை. அந்த ஒலி கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பியது. ஹார்ன் என்றாலே கத்தும், மூக்கால் பேசும் என்ற பெயர் வந்ததற்கு இவை எல்லாம் சேர்ந்துதான் காரணம். ஹார்ன் அன்பர்கள் இதை இன்றும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

திருப்பம் 1975-இல் வந்தது. எலக்ட்ரோ-வாய்ஸில் இருந்த டான் கீல், எக்ஸ்போனென்ஷியல் வடிவத்தின் புனிதத்தையே கேள்வி கேட்கும் தலைப்பில் ஒலிப் பொறியியல் சங்கத்தில் கட்டுரை படித்தார். தொண்டைக்கு அருகில் சுமை தரும் வளைவு, அதற்கு வெளியே பரவலைத் தீர்மானிக்கும் நேர்கோட்டுக் கூம்பு, வாயருகே இன்னும் சற்று விரிவு என்று பணிகளை அவர் பிரித்தார். இதுவே சீரான பரவல் ஹார்ன். கீல் பிறகு கிளிப்ஷ் நிறுவனத்திலும் சிறிது காலம் இருந்தார், அடுத்து ஜேபிஎல் போனார். இதற்கும் விலை உண்டு. ஹார்னின் தொண்டையில் பொருத்தும் ஒலி உறுப்பான கம்ப்ரெஷன் டிரைவரின் திறன் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் இயல்பாகவே சரியும். பழைய ஹார்ன் கற்றையாகக் குவித்து அச்சரிவை மறைத்தது. சீரான பரவல் ஹார்ன் மறைக்காது. உயர்சுரத்தை மின்னணு வழியில் தூக்கிக் கொடுத்தே ஆக வேண்டும். வாய்ட் 1920களில் முன்வைத்த டிராக்ட்ரிக்ஸ் வளைவும் மீண்டும் எடுக்கப்பட்டது. அதன் வாய் வட்டமாக உருண்டு முடிவதால் விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒலி குறைவு. 1980களில் புரூஸ் எட்கர் என்ற அமெரிக்கர் மரத்தில் இதைச் செய்யும் முறையை விளக்கி எழுதியது, வீட்டில் தாமே செய்பவர்களிடம் பெரிதாகப் பரவியது.

பெட்டி, சுற்று, காலம்

மற்ற திருத்தங்கள் சிறியவை. ஆனாலும் காதுக்குத் தெரிபவை. 1963-இல் வந்த லா ஸ்காலா, அரசியல்வாதி வின்த்ரோப் ராக்கஃபெல்லரின் பிரசாரத்துக்காகச் செய்யப்பட்ட சிறிய ஹார்ன் பெட்டி. மூலை தேவையில்லை. பதிலுக்கு அது 50 ஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றுவிடும். ஹார்ன் பக்கப் பலகைகள் முட்டுக்கொடுப்பு இல்லாமல் நின்றதால் அவையும் சேர்ந்து அதிர்ந்தன. 2000களில் வந்த லா ஸ்காலா 2-இல் பலகையின் தடிமனை 1 அங்குலமாக உயர்த்தினார்கள். சுரங்களை அந்தந்த ஹார்னுக்குப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் சுற்றில் நடு ஹார்னின் கூடுதல் உணர்திறனை மின்தடையால் வீணாக்காமல் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கியது நெடுங்காலமாக இருந்த நல்ல வழக்கம். மென்மையான ட்வீட்டரைக் காக்க ஸீனர் டையோடுகளும், பின்னர் செங்குத்தான வடிப்பிகளும் சேர்ந்தன. கிளிப்ஷ்ஹார்னின் பின்புறம் பல பத்தாண்டுகள் திறந்தே இருந்தது. சுவரோடு சரியாகப் பொருந்தாவிட்டால் கீழ்ச்சுரம் கசியும். பிந்தைய ஏகே-6 வடிவில் பின்புறம் மூடப்பட்டது. பெட்டியைச் சற்றுத் திருப்பி வைக்கவும் வழி பிறந்தது.

காலத்தாமதம் கடைசிவரை நின்ற குறை. கீழ்ச்சுரம் மடிப்புகளில் சுற்றி வரும் தூரம் மற்ற ஹார்ன்களைவிட அதிகம். ஒலி 1 மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகிறது. இந்த அளவு காதுக்கு எட்டாது என்பது கிளிப்ஷின் நிலை. கிராஸ்ஓவர் எல்லையில் இரண்டு ஹார்ன்களும் ஒரே சுரத்தை வெவ்வேறு நேரத்தில் ஒலிக்கும்போது அந்த நிலை நிற்பதில்லை. எண்முறை செயலி வந்த பிறகு நடு ஹார்னை வேண்டிய அளவு தாமதப்படுத்திச் சேர்ப்பது எளிதாகிவிட்டது.

ஜூபிலி

தன் கீழ்ச்சுர ஹார்னுக்கு கிளிப்ஷே எழுதிய திருத்தம் தன் நிறுவனப் பொறியாளர் ராய் டெல்காடோவுடன் சேர்ந்து 2000-இல் ஒலிப் பொறியியல் சங்க இதழில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 96. 1941 கட்டுரையின் தலைப்பையே சற்று மாற்றிப் பயன்படுத்தியிருந்தார். 15 அங்குல வூஃபர் ஒன்றுக்குப் பதில் 12 அங்குலம் இரண்டு, எளிய மடிப்பு, அதனால் உயர்ந்த மேல் எல்லை. இப்படி வந்த ஜூபிலி முதலில் திரையரங்குகளுக்கு விற்கப்பட்டது. விஷயம் தெரிந்த ஆர்வலர்கள் அதை வீட்டுக்கு வாங்கிப் போனார்கள். 2022-இல் வீட்டு வடிவம் வந்தது. அதில் இரண்டே பாதைகள். சுமார் 340 ஹெர்ட்ஸிலிருந்து உச்சம் வரை டைட்டேனிய வளையச் சவ்வு கொண்ட ஒரே கம்ப்ரெஷன் டிரைவர், டிராக்ட்ரிக்ஸ் வழிவந்த பெரிய கே-402 ஹார்ன் மூலம் ஒலிக்கிறது. குரலின் நடுவே கிராஸ்ஓவர் இல்லை. மேல்கீழ்ப் பரவலைப் பிடிக்கும் அளவுக்கு வாயும் பெரியது. தாமதத்தையும் உயர்சுரத்தையும் செயலி கவனிக்கிறது. நடுப்பகுதியின் பழைய குறைகள் ஏறக்குறைய முழுமையாகத் தீர்ந்தது இங்கேதான். ஒரு ஜோடியின் அறிமுக விலை சுமார் 35,000 டாலர்.

அமெரிக்க ஒலிபெருக்கி வடிவமைப்பாளர் டாம் டேன்லி வேறு வழியில் போனார். எல்லா டிரைவர்களையும் ஒரே கூம்புக்குள், சுவர்களில் துளையிட்டு இணைத்தார். தாமதச் சிக்கல் பிறக்கவே இடமில்லை. ஆஸ்திரேலியரான டேவிட் மெக்பீன் இலவசமாகத் தரும் ஹார்ன்ரெஸ்ப் மென்பொருள், முன்பு மாதக்கணக்கில் மரம் அறுத்துச் சோதித்ததைக் கணினியில் நிமிடங்களில் காட்டுகிறது.

பழைய கிளிப்ஷ்ஹார்ன் வைத்திருப்பவர் பின்புறக் கசிவை அடைத்து, நடு ஹார்னை மாற்றி, எண்முறை கிராஸ்ஓவர் சேர்த்தால் குறைகளில் பெரும்பாலானவை நீங்கும். மற்றபடி கீழ்ச்சுரப் பெட்டியில் கைவைக்க வேண்டாம்.